தேயிலை எடைப் பதிவு மென்பொருள்: லைப்ரரிகளைக் கூடவே கட்டி அனுப்பலாமா?

குந்தா_லினக்ஸ்:
இலை கொள்முதல் மையங்களுக்கான நம் எடைப் பதிவு மென்பொருளை அடுத்த பதிப்பிலிருந்து ஆப்இமேஜாக (தேவையான லைப்ரரிகள், அதாவது பொதுவான நிரல் துண்டுகள், எல்லாம் அடங்கிய ஒரே லினக்ஸ் கோப்பாக) மட்டும் தரலாம் என்பது என் கருத்து. மையங்களில் ஓடும் லினக்ஸ் வகையே வேறு வேறு: ஒரு மையத்தில் டெபியன் 11, அடுத்ததில் டெபியன் 12, கோத்தகிரி பக்கம் உபுண்டு 22.04. படம் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரி டெபியன் 11-இல் 6, மற்றவற்றில் 7. குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் டெபியன் 11-இல் 1.1, மற்றவற்றில் 3. மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டிச் (பில்டு செய்து) சோதிக்க ஆள் ஏது? எல்லா லைப்ரரியையும் உள்ளே வைத்து ஒரே கோப்பாக பென்டிரைவில் கொடுத்தால் வேலை முடிந்தது.

பூம்பாறை_கோடர்:
அண்ணா, வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டையை (பதிவு எண் சிவிஇ-2023-4863) எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே கோணலாக்கிய ஒரு படத்தைத் திறந்தாலே நினைவக எல்லை தாண்டி எழுதிவிடும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தத்தம் நகலுக்காகத் தனித்தனியே புதுப்பிப்பு விட்டன. குரோமின் உள்பகுதியைத் தம்முள் வைத்திருக்கும் எலக்ட்ரான் செயலிகளையும் ஒவ்வொன்றாக மறுபடி கட்ட வேண்டியிருந்தது. டெபியனில் லிப்வெப்பி பொட்டலத்தை (பேக்கேஜை) மாற்றினார்கள், அதைப் பகிர்ந்துகொள்ளும் நிரல்கள் எல்லாம் தப்பின. நம் மென்பொருள் பிற மையங்கள் அனுப்பும் இலைப் படங்களையும் திறக்கிறதே. ஒரு சிறு லைப்ரரிக்காக முழு ஆப்இமேஜையும் மஞ்சூர் சிக்னலில் இறக்கச் சொல்வீர்களா?

குந்தா_லினக்ஸ்:
பொட்டலத்தை மாற்றினால் மட்டும் தப்பிவிடாது தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய லைப்ரரியையே நினைவகத்தில் பிடித்திருக்கும். பதிவுத் திரையை மூடாத மையத்தில் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

பூம்பாறை_கோடர்:
சரிதான், நிரலை மூடித் திறக்கத்தான் வேண்டும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையின் வெளியீட்டில் லைப்ரரி வரியில் 'டெல்' என்று இருந்தால் பழசு ஓடுகிறது. நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியைப் போட்டுவைத்தால் எதை மூடித் திறக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். டெபியன் 11-இல் திருத்தம் வந்த பிறகும் லிப்வெப்பி 0.6.1தான். எண்ணுக்குப் பின்னால் வரும் 'டெப்11யூ2' என்ற பின்னொட்டைத்தான் பார்க்க வேண்டும்.

குன்னூர்_பில்டு:
ஆப்இமேஜ் போட்டாலும் எந்த சிஸ்டத்தில் கட்டுகிறோம் என்ற கேள்வி போகாது. எல்லா நிரலுக்கும் அடிப்படையான சி லைப்ரரி ஜிலிப்சியைப் பொதுவாக உள்ளே வைப்பதில்லை. உபுண்டு 22.04-இல் கட்டிய கோப்பை டெபியன் 11-இல் ஓட்டினால் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று நின்றுவிடும், ஏனென்றால் அங்கே இருப்பது 2.31.

சி++ நிரல்களுக்கான லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியை உள்ளே வைப்பது இன்னொரு தொல்லை. புது சிஸ்டத்தின் கிராஃபிக்ஸ் டிரைவர் அதைவிடப் புதியதைக் கேட்கும், திரையே வராது. எல்டி_லைப்ரரி_பாத் (லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறி) வைத்து ஓட்டும் ஸ்கிரிப்டும் வேண்டாம். ரசீது பிடிஎஃப்பைத் திறக்க நாம் கூப்பிடும் வியூவரும் அதே பாதையை வாங்கி, நம் பழைய லைப்ரரிகளை ஏற்றிக்கொண்டு விழும். லைப்ரரிகளைக் கட்டாயம் கூடவே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ரன்பாத்தில் (நிரலுக்குள்ளேயே எழுதப்படும் தேடல் பாதையில்) 'டாலர் ஆரிஜின்', அதாவது நிரல் இருக்கும் இடம், என்று போடுங்கள், அது நம் நிரலோடு நின்றுவிடும்.

ஆள் இல்லை என்பதற்கு வழி உண்டு. டெபியன் 11 கன்டெய்னரில் (ஒரே கணினியில் தனியாக ஓடும் சிறு சிஸ்டத்தில்) ஒன்று, உபுண்டு 22.04 கன்டெய்னரில் ஒன்று, இரண்டே பொட்டலம். இரண்டாவது டெபியன் 12-இலும் ஓடும்: ஜிலிப்சி 2.35-இல் கட்டியது 2.36-இல் ஓடும், லிப்எஸ்எஸ்எல் 3-உம் (ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி) லிப்வெப்பி 7-உம் இரண்டிலும் உண்டு. தலைகீழாக, டெபியன் 12-இல் கட்டி உபுண்டுக்குக் கொடுக்காதீர்கள்.

குந்தா_லினக்ஸ்:
இரண்டு என்றால் சமாளிக்கலாம். ஆனால் தராசை வாசிக்கும் லிப்சீரியல்போர்ட் லைப்ரரியில் நாம் ஒட்டுப் (பேட்ச்) போட்டிருக்கிறோம். சிஸ்டத்தில் உள்ளதைப் பயன்படுத்தினால் எடை வராது. அதை உள்ளே வைத்தே ஆக வேண்டும்.

பூம்பாறை_கோடர்:
அந்த ஒன்று மட்டும் இருக்கட்டும், ஸ்டாட்டிக்காக (நிரல் கோப்புக்குள்ளேயே சேர்த்து) இணைத்துவிடுங்கள். நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரில் 'எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்' கொடுத்து அதன் செயற்கூறுப் பெயர்களை வெளியே தெரியாமல் மறையுங்கள். இல்லையென்றால் ஏதாவது பிளக்கின் சிஸ்டம் நகலை இழுக்கும்போது இரண்டும் மோதும். எந்தப் பதிப்பின் மேல் போட்ட ஒட்டு என்பதையும் மூலத்தோடு ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஒட்டை மூலத் திட்டத்துக்கும் அனுப்புங்கள் அண்ணா, அவர்கள் ஏற்றுக்கொண்டால் இந்த நகலையும் தூக்கிவிடலாம்.