‘வித்’ என்ற ஒற்றைச் சொல் செய்யும் வேலை (புனைபெயர்களில் ஐந்து பேர் பேசிக்கொண்டது)

மையப்புள்ளி: அலுவலகப் பயண அறிக்கை ஒன்றில் இருந்த வரி இது: ‘ஐ ஸ்லெப்ட் வித் டூ கலீக்ஸ் டு சேவ் காஸ்ட்.’ செலவு மிச்சமாகட்டும் என்று ரெண்டு பேரோடு ஒரே அறையில் தங்கினாராம், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரோடு ‘ஸ்லீப் வித்’ என்றால் உடலுறவு. இலக்கணத்தில் பிழை இல்லை, ஸ்பெல்செக்கும் கோடு போடாது. அதனால்தான் மேலாளர் மேசை வரைக்கும் போய்விட்டது. ‘ஐ ஷேர்டு எ ரூம் வித்...’ என்று இருந்திருக்க வேண்டும். சில வினைகளோடு ‘வித்’ போட்டு ஆளைச் சேர்த்தால் பொருள் இப்படி மாறிவிடும், இதுதான் விதி.

அரைக்கால்: தமிழில் யோசித்து எழுதினால் இது வராமல் போகாது. நமக்கு ‘அவரோடு தூங்கினேன்’ சுத்தமான வாக்கியம். ‘அவரோடு படுத்தேன்’ என்றால்தான் கேட்பவர் முகம் மாறும். ஆங்கிலத்தில் சங்கதி தலைகீழ். ‘லை வித்’ பழைய பைபிள் நடை, இன்று யாரும் பேசுவதில்லை; ‘ஸ்லீப் வித்’ தான் மாட்டிவிடும். நல்ல பிள்ளையாகப் படுக்கையைத் தவிர்த்துத் தூக்கத்தை எடுப்பவர் நேராகக் குழியில் விழுகிறார். ‘ஸ்லீப் ஓவர்’ (இரவு தங்குவது), ‘ஸ்லீப் இன்’ (தாமதமாக எழுவது) ரெண்டும் பிரச்சினை இல்லாதவை. ‘ஸ்லீப் அரௌண்ட்’ (பலரோடு உறவு வைப்பது) மட்டும் வேண்டவே வேண்டாம்.

கொக்கி: வாடிக்கையாளருக்குப் போன மெயில்: ‘லெட்ஸ் ஹுக் அப் நெக்ஸ்ட் வீக்.’ பிரிண்டரை ஹுக் அப் செய்யலாம், அதாவது இணைக்கலாம். ‘ஹுக் மீ அப் வித் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் வாங்கித் தா என்பது. வயதான அமெரிக்கர் பலருக்கு ‘ஹுக் அப்’ வெறும் சந்திப்புதான். இளையவர் காதில் அது முத்தமாகவும் விழலாம், படுக்கையாகவும் விழலாம். எதுவரை போனது என்று சொல்லாமல் விடுவதற்காகவே அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெயிலில் ‘மீட்’ போதும்.

ஆறுமணி: எல்லாப் பழியும் ‘வித்’ மேலா? ஹோட்டல் வரவேற்பு மேசையில் விட்ட சீட்டு: ‘ப்ளீஸ் நாக் மீ அப் அட் சிக்ஸ்.’ பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்பு, அமெரிக்கருக்குக் கர்ப்பமாக்கு. இதில் ‘வித்’ எங்கே இருக்கிறது?

மையப்புள்ளி: ஒன்றைக் காட்டி விதியை உடைக்க முடியாது. ‘மேக் அவுட்’ எடுங்கள். கையெழுத்தை மேக் அவுட் செய்தால் புரிந்துகொள்வது. செக்கை மேக் அவுட் செய்தால் எழுதித் தருவது. ஆளோடு ‘வித்’ போட்டால் முத்தம்.

பென்சில்: யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ‘அப்’, ‘அவுட்’ போல ஒரு சின்னச் சொல் சேர்ந்தது) ஒன்று புதிதாகக் கிடைத்தால் அகராதியில் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள், கடைசி வரை போங்கள். சின்ன எழுத்தில் ‘இன்ஃபார்மல்’, ‘ஸ்லாங்’, ‘டபூ’, ‘யூ.எஸ்.’ என்று குறி இருக்கும். விபத்தெல்லாம் அந்தக் குறியைத் தாண்டியவர்களுக்குத்தான். அடுத்து, செயப்படுபொருள் இருக்கும் இடத்தில் ஒரு ஆளை வைத்துப் பாருங்கள். பிரிண்டர் இருந்தபோது இருந்த பொருள் ஆள் வந்ததும் மாறுகிறதா? மாறினால் அந்த வினையை எழுத்தில் தொடாதீர்கள். மீட், ஸ்டே, வேக் என்று மொட்டையாக எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவது அபூர்வம், ஆசிரியருக்கே கூச்சம்.

அரைக்கால்: எழுதாதே என்றால் சரி, காதில் விழுந்தால் என்ன செய்வது? ராத்திரி, ரெண்டு பேர் வெளியே சாப்பிட்டு வந்து வாசலில் நிற்கிறார்கள். ‘வுட் யூ லைக் டு கம் அப் ஃபார் காஃபி?’ பேச்சுக்குத்தான் காபி, அழைப்பு பெரும்பாலும் படுக்கைக்கு. கற்பவர் பதில்: ‘ராத்திரி காபி குடித்தால் தூக்கம் வராது.’ அவர் சொன்னது காபியைப் பற்றி. கேட்டவருக்குப் போனது நாகரிகமான மறுப்பு. மறுத்தது மறுத்தவருக்கே தெரியாது. நன்னூல் சொல்லும் இடக்கரடக்கலில் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது) ‘கால் கழுவி வந்தேன்’ என்றால் எதற்கென்று நமக்கு விளக்கமா வேண்டும்? அங்கேயும் அதே கதை.

கொக்கி: ‘ஐ நியூ ஹர் இன் த பிப்ளிக்கல் சென்ஸ்’ என்பதை ஒருவர் ‘பைபிள் வகுப்பில் பழக்கம்’ என்று மொழிபெயர்த்திருந்தார். 1611 கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதாம் ஏவாளை ‘நியூ’. தமிழ் வேதாகமத்திலும் ‘அறிந்தான்’ தான். அதே வசனத்திலேயே காயீன் பிறந்துவிடுகிறான்.