ரெட்கானுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க காமிக்ஸ் வரலாறு பற்றிய ஒரு கட்டுரையை, பள்ளி நூலகங்களுக்கான தொகுப்புக்காக மொழிபெயர்க்கிறேன். வியாழன் மாலை கொடுத்தாக வேண்டும். பேட்மேனுக்குத் துணையாக வரும் ராபின் வேடத்தில் இரண்டாவதாக வந்த பையன், ஜேசன் டாட் பற்றிய பகுதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1988-ல் நடந்தது. வில்லன் ஜோக்கர் அந்தப் பையனைக் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டு, வெடிகுண்டு வைத்த கிடங்கில் விட்டுப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. பையன் பிழைக்கலாமா, சாகலாமா என்று, கதையை வெளியிடும் டிசி நிறுவனம் வாசகர்களையே கேட்டது. இரண்டு தொலைபேசி எண்கள், 36 மணி நேரம், ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவை 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசம். 428-ஆம் இதழில் பேட்மேன் அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார். 2005-ல் அவன் ‘ரெட் ஹூட்’ என்ற பெயரில் திரும்பி வந்தான்.

கட்டுரை இதை ‘ரெட்கான்’ என்கிறது. நடந்து முடிந்த கதைக்குப் பிற்பாடு வேறு கணக்குச் சொல்வது. நான் ‘பின்தொடர்ச்சி’ என்று போட்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள் வாசித்துவிட்டு, “அடுத்த பாகமா பெரியம்மா?” என்றாள். அதோடு அந்தச் சொல் போயிற்று. உதவுங்கள்.

– வா.

~

அம்மா,

உங்கள் தங்கை மகள் கேட்டது சரிதான். தமிழில் ‘பின்’ இடத்துக்கு வரும்போது முதுகுப்பக்கம், காலத்துக்கு வரும்போது வரப்போவது. பின்னாள் என்றால் இனி வரும் நாள். ‘முன்’ அப்படியே தலைகீழ்: முன்னே போ என்றால் எதிரே, முன்னோர் என்றால் கழிந்து போனவர். பின்னோக்கு, பின்தொடர்ச்சி என்றெல்லாம் கட்டினால் வாசகன் எந்தப் பக்கம் திரும்புவான்?

என் கருத்தில் முன், முனை, முகம், முளை, முதல் எல்லாம் ஒரே வேர். பிதுங்கி வெளிப்படுவது என்பதே ஆதிப்பொருள். முளைத்தது முதலில் வந்தது, அதனால் முந்தையது. முகம் முதலில் தெரிவது, அதனால் எதிரே இருப்பது. இடமும் காலமும் பிரிந்த இடம் இதுதான். மூக்கையும் இதில் சேர்க்கலாம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

சொல் கேட்டீர்கள். நம்மிடம் இருக்கிறதே: இடைச்செருகல். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் எத்தனை பாட்டைச் செருகியிருக்கிறார்கள்! ஜேசன் திரும்பியதும் ஓர் இடைச்செருகலே.

– ச.

~

ச. ஐயாவுக்கு வணக்கம்.

இடைச்செருகல் என்பது வேறொரு கை, பெயர் சொல்லாமல், மூலத்துக்குள்ளேயே நுழைப்பது. இங்கே கதையின் உரிமைக்காரரே, அட்டையில் பெயர் போட்டு, வேறு இதழில் செய்கிறார். 1988-ஆம் ஆண்டு இதழை இன்றைக்கு எடுத்தாலும் பையன் செத்துத்தான் கிடக்கிறான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஐயா சொல்லும் ஏட்டு வழக்கில் பொருந்துவது ஒன்று உண்டு. ஓவியர் ஜிம் அபாரோ அவன் பிழைப்பதாகவும் ஒரு பக்கம் வரைந்து வைத்திருந்தார். அதைப் பாடபேதம், அதாவது ஒரே இடத்துக்கு இன்னொரு வடிவம், எனலாம்.

வா. அக்கா, கட்டுரை இரண்டு விஷயங்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஜேசன் செத்தது மாறவே இல்லை. செத்தான், புதைத்தார்கள், பிறகு உயிர் வந்தது. 2006 ஆண்டு மலரில் சொன்ன காரணம் இது: வேறோர் உலகத்து சூப்பர்பாய் பிரபஞ்சத்தின் சுவரைக் குத்த, அந்த அதிர்வில் சவப்பெட்டிக்குள் இவன் கண் விழிக்கிறான். இது சாவிலிருந்து திரும்புதல்.

அவன் பிறப்பில்தான் ரெட்கான். 1983-ல் முதலில் வந்தபோது சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை, செம்பொன் தலைமுடி. 1987-ல் அதெல்லாம் இல்லை என்றாகி, பேட்மேன் வண்டியின் சக்கரத்தைக் கழற்றித் திருடும் தெருப் பையன் ஆனான்.

சுத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமானால், கேப்டன் அமெரிக்கா என்ற நாயகனின் கூடவே வரும் பையன் பக்கி. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் விமான வெடிப்பில் செத்தான் என்று 1964-ல் சொன்னார்கள். 2005-ல், சாகவில்லை, ஒரு கை போனது, ரஷ்யர்கள் எடுத்துப் போய்க் கொலையாளி ஆக்கினார்கள் என்றார் கதாசிரியர் எட் புரூபேக்கர். அந்த 1964 சாவே ஒரு ரெட்கான்தான், ஏனென்றால் போருக்குப் பிறகும் பக்கி வரும் இதழ்கள் 1940களில் வெளிவந்தன.

ஒரு வாசகனாக இன்னொன்றும் சொல்கிறேன். பக்கிக்குச் சாவு நடக்கவே இல்லை. ஜேசனுக்கு நடந்தது, அவன் திரும்பி வந்து பேட்மேனிடம் கேட்பதே அதைப் பற்றித்தான்: என்னைக் கொன்றவனை ஏன் இன்னும் உயிரோடு விட்டிருக்கிறாய்? இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகும்.

– கா.

~

நண்பர்களே, முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். இதற்குத் தமிழ் அரசாணையிலேயே இருக்கிறது: முன்தேதியிட்டு. அகவிலைப்படி உயர்வு அக்டோபரில் அறிவிப்பார்கள், ஜூலை முதல் முன்தேதியிட்டு. பழைய சம்பளப் பட்டியலை யாரும் கிழிப்பதில்லை. அது இருந்தபடி இருக்கும், நிலுவைக்குத் தனிப் பட்டியல் போடுவோம். பணிப்பதிவேட்டிலும் அப்படியே. பழைய பதிவை அடிக்காமல் கீழே புதுப் பதிவு, ‘இன்ன நாள் முதல்’ என்று. அதை வாசித்த பிறகு மேலே இருக்கும் வரிக்கு அர்த்தமே வேறாகிவிடும். கா. தம்பி சொன்ன பழைய இதழின் நிலையும் இதுதானே?

முன்தேதிக் கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

– இரா.

~

‘தேதி’ வடமொழித் திதியிலிருந்து வந்தது. கலைச்சொல் என்று ஒன்றைப் புதிதாக ஆக்கும்போதாவது நல்ல தமிழில் ஆக்கக் கூடாதா? முன்னாளிடல். முன்னாளிட்ட கதை.

– செ.

~

செ. அவர்களே, ‘முன்னாளிட்ட’ என்றால் என் மாணவர்கள் முன்னாள் அமைச்சர் என்று படிப்பார்கள். கதை கட்டுவதற்கு அவர்கள் வாயில் இப்போதே ஒரு சொல் இருக்கிறது, ‘உருட்டு’. பாடத்தில் அதை வைக்க முடியாதுதான். ஆனால் புரிவது எது என்பதை அவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ல் தமிழுக்கு வந்த காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பாருங்கள். மூலத்தில் எஃகு நகம் என்ற பொருள்படும் பெயர். யாரும் அகராதியைத் திறக்காமலே அது நின்றுவிட்டது.

நாயகனின் கூடவே வரும் துணைப் பாத்திரமான சைட்கிக்கும் அந்தக் கட்டுரையில் வருமே, என்ன போட்டிருக்கிறீர்கள்? எனக்குப் பாங்கன், அதாவது தலைவனின் தோழன், பிடிக்கும். ஆனால் அகப்பாட்டின் பாங்கன் தலைவனை இடித்துரைப்பவன், சம வயதுக்காரன். ராபினோ வளர்ப்புப் பிள்ளை. பொருளால் மிகப் பொருந்துவது உசாத்துணை, கலந்து பேசத் துணையாக இருப்பவர். 1940-ல் ராபினைக் கொண்டுவந்ததே பேட்மேனுக்குப் பேச ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் இன்று கட்டுரைக் கடைசியில் மேற்கோள் நூல் பட்டியலுக்குத் தலைப்பாக உசாத்துணை நிற்கிறது. வருத்தமாக இருக்கிறது.

திரும்பி வருவதற்கு உயிர்த்தெழுதல் வேண்டாம், அதைக் கேட்டதும் ஈஸ்டர்தான் நினைவுக்கு வரும். அவிநாசிக் கதை ஞாபகம் வருகிறதா? முதலை விழுங்கிய ஐந்து வயதுப் பிள்ளையைச் சுந்தரர் பாடி வரவழைத்தபோது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறினான். ஜேசனும் பையனாகச் செத்து ஆளாகத் திரும்பினான். மீள்வரவு எனலாமா?

– பொ.

~

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அனுப்பிவிட்டேன்.

கா. தம்பி சொன்னபடி இரண்டாகப் பிரித்தேன். ஜேசன் திரும்பியதற்கு ‘மீள்வரவு’. ரெட்கான் முதலில் வரும் இடத்தில் அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்து, அடுத்த வாக்கியத்தில் ‘முன்தேதியிட்டுக் கதையை மாற்றுவது’ என்று விளக்கினேன். பெயர்ச்சொல்லாக ‘முன்தேதி மாற்றம்’. குழுவில் நான்கு பேர் இதற்கு ஒப்பினார்கள், இருவர் ஒப்பவில்லை. சைட்கிக்குக்குத் ‘துணையாள்’ என்று போட்டேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை.

பேட்மேனின் குகையில் ஜேசனின் உடை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். அவன் உயிரோடு வந்த பிறகும் அதை எடுக்கவில்லை. மாற்றம், திருத்தம் என்று எதைப் போட்டாலும் பழையதை நீக்கிவிட்டதுபோல் ஒலிக்குமோ என்ற பயம் எனக்கு அந்தப் பெட்டியால்தான் வந்தது. இரா. ஐயாவின் பணிப்பதிவேடு அதைத் தீர்த்தது.

தங்கை மகளிடம் காட்டினேன். “அப்பாவுக்கு அரியர் வருமே, அந்த மாதிரியா?” என்றாள்.

– வா.

~

அச்சுக்குப் போகுமுன் ஒரு வரி மாற்ற முடியுமென்றால், முன்னாளிடலை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். அரியர் என்று அந்தப் பிள்ளை சொன்னதையும் கவனியுங்கள். நிலுவை என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

– செ.