மே மாதம் அலாஸ்கா கப்பல்: செருப்பு மட்டுமே பழகிய காலுக்கு எந்த ஷூ? புடவைக்கு என்ன வழி?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மகள் சியாட்டிலில் இருக்கிறாள். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் நானும் வீட்டம்மாவும் அங்கே கிளம்புகிறோம். போன இடத்தில் சும்மா உட்கார விடாமல் மாப்பிள்ளை மே கடைசி வாரத்தில் ஏழு நாள் அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். சியாட்டிலில் ஏறி கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கடைசியில் கனடாவின் விக்டோரியா, மறுபடி சியாட்டில்.

எனக்கு வயது 64. குளிர் என்று நான் கண்டது கொடைக்கானல்தான். அதுவும் டிசம்பரில் இரண்டு ராத்திரி, லாட்ஜை விட்டு வெளியே வரவில்லை. மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கே பகலிலேயே 12, 14 என்கிறார்கள். இதில் ஐஸ் மலைக்கு எதிரில் கப்பலை நிறுத்திவிட்டு எல்லோரும் மொட்டை மாடியில் நிற்பார்களாம்.

ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி உண்டு. ஆனால் வீட்டம்மாவின் கணக்கில் நாலில் மூன்று பெட்டி மகளுக்குப் போகிறது: நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், ஒரு இட்லிக் குண்டான். மிச்சம் இருக்கிற ஒரு பெட்டியில்தான் எங்கள் இருவர் துணியும். அதனால் கேட்கிறேன்:

ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. போதுமா? வீட்டம்மா புடவை தவிர வேறு எதுவும் கட்ட மாட்டாள். அதற்கு என்ன வழி? ஷூவைப் பொறுத்தவரை, 2018-இல் மகள் வந்தபோது வாங்கித் தந்த கனமான நடை ஷூ ஒன்று இருக்கிறது. நாலு தடவை போட்டிருப்பேன். டப்பாவோடு பரணில் புத்தம் புதிதாக இருக்கிறது. அதுவே போதும்தானே? எனக்குச் சர்க்கரை உண்டு, காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

டிகிரி காபி:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 71. இரண்டு வருஷம் முன்பு இதே பயணம் போய் வந்தேன், ஏழு நாளும் புடவையோடு. அதனால் உங்கள் வீட்டம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல். இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொள என்று இருந்தால் வாங்கியது தண்டம். ரவிக்கை ஏற மறுக்கும், ஆகவே இப்போதே இரண்டு ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். நான் இதை மறந்து கப்பலில் உட்கார்ந்து தையல் பிரித்தேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட்டை ஜிப் போட்டுவிட வேண்டும். மேல்தளத்தில் கொசுவத்துக்குள் காற்று புகுந்தால் பாய்மரம்தான். நாலு ஊக்கு குத்தினேன், அதற்கப்புறம்தான் கையை விட்டு நடந்தேன்.

பருத்திப் புடவை ஒன்றுகூட வேண்டாம். கெட்சிகனில் ஒரு வருஷத்தில் 3,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது, மதுரையைப்போல் நாலு மடங்குக்கும் மேல். கீழ்க்கரை நனைந்தால் நாள் முழுக்கக் காலில் ஈரத்துணி சுற்றியது போலத்தான். சின்தடிக் புடவை உதறினால் காய்ந்துவிடும். பட்டு ஒன்றே ஒன்று, அலங்காரமாகச் சாப்பிடப் போகும் இரவுக்கு. பட்டு நல்ல கதகதப்பு, தெரியுமோ? அன்று தெர்மலே தேவைப்படவில்லை.

குடையை நம்பாதீர்கள், காற்றில் மல்லாந்துவிடும். கெட்சிகனில் குடை பிடித்து நடந்தவர்கள் எல்லாம் எங்களைப் போலக் கப்பலில் வந்தவர்கள். ஊர்க்காரர்கள் தலைமூடி வைத்த மழைக்கோட்டும், முழங்காலுக்குக் கீழே வரை வரும் பழுப்பு ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு கடைக்கும் போகிறார்கள், ஓட்டலுக்கும் போகிறார்கள். எக்ஸ்ட்ராடஃப் என்று பெயராம். அதை நாம் வாங்கத் தேவையில்லை, பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் தாராளமாகப் போதும். ஆனால் அது தனியாக நிற்காது. பின்னல் வழியே காற்று உள்ளே போய்விடும். மேலே காற்றையும் மழையையும் தடுக்கிற மெல்லிய கோட்டு ஒன்று போட்டால் அதே ஸ்வெட்டர் அடுப்பு மாதிரி. அந்தக் கோட்டை மதுரையில் தேடி அலையாதீர்கள். சியாட்டிலில் அது இல்லாத வீடு இருக்காது. மகளின் சிநேகிதிகளிடம் இரவல் வாங்கச் சொல்லுங்கள். இடுப்பு அளவு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே எல்லோரும் ஒல்லி.

முத்துநகர்:

அண்ணாச்சி, நான் தூத்துக்குடி. கப்பலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தேன், அதில் மூன்று சீசன் அலாஸ்கா. அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் அறைக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வது. கப்பலுக்குள் குளிரே கிடையாது. தெர்மல், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாவோடு சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து வியர்த்து, அந்த ஈரத்தோடே மேல்தளத்துக்குப் போய் நிற்பார்கள். அப்புறம் நடுங்காமல் என்ன செய்யும்? கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். கப்பல் ஓடும்போது காற்றே அடிக்காத நாளில்கூட முகத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். கிளேசியர் பேயில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் போல நிற்கும். அன்றைக்குத்தான் காதை மூடும் குல்லா, கையுறை எல்லாம். பனி உடைந்து விழுகிற சத்தம் இடி மாதிரி வரும். கையுறையைக் கழற்றி ஃபோனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விரல் நுனியில் ஃபோன் தொட வருகிற கையுறையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயிலில் மாப்பிள்ளை ஏற்றுவார். 1900-இல் முடித்த குறுகிய பாதை, 873 மீட்டர் உயரத்துக்கு ஏறும். பெட்டிக்குள் கதகதப்பாக இருக்கும், ஆனால் படம் எடுக்க எல்லோரும் பெட்டிக்கு வெளியே திறந்த மேடையில் போய் நிற்பார்கள். மே கடைசியில் மேலே பனி கிடக்கும். கூலிங் கிளாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கண் கூசும்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எடுத்து வராதீர்கள். ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். ஏறும் நாளில் பெட்டி அறைக்கு வர சாயங்காலம்கூட ஆகும். கோட்டு, மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் துறைமுகத்தில்தான் கைக்கு வரும். ஒரு பெரியவர் மறுநாள் போடுகிற பேன்ட், ஷூ எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வெளியே வைத்துவிட்டார். காலையில் பைஜாமாவும் அறைச் செருப்புமாக இறங்கினார், பாவம். மறுநாள் உடுப்பை நாற்காலியில் போட்டுவிட்டு அப்புறம் பெட்டியை மூடுங்கள்.

இன்னொன்று. விக்டோரியா கனடா. இந்திய பாஸ்போர்ட் என்றால் கனடா விசா தனியாக வேண்டும். எடுத்தாயிற்றா?

பனியன் ஊர்:

சாருங்க, திருப்பூரிலிருந்து எழுதறேன். பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான்: தெர்மலுக்கு உள்ளே பருத்திப் பனியன் போடாதீங்க. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. இங்கே வெயிலுக்கு அதுதான் சுகம், அங்கே அதுதான் வில்லங்கம். சாக்ஸும் அப்படித்தான், கம்பளி கலந்தது நாலு ஜோடி போதும். இரண்டு சாக்ஸ் ஒன்றாகப் போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

எனக்குக் கவலை உங்கள் பரண் ஷூதானுங்க. பையரைப் பார்க்க ஒரு ஜனவரியில் மியூனிக் போனேன். அஞ்சு வருஷமாகப் பீரோவில் வைத்திருந்த நல்ல தோல் ஷூ, மேலே ஒரு கீறல் இல்லை. டிராமிலிருந்து இறங்கினேன், இடது கால் மட்டும் திடீரென்று லேசாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அடிப்பாகம் முழுசாகப் படியிலேயே கிடக்கிறது. வெறும் தோலும் சாக்ஸுமாகப் பனியில் நிற்கிறேன். பக்கத்துக் கடையில் அவன் சொன்ன விலைக்கு வாங்கினேன், பேரமா பேச முடியும்?

ஊருக்கு வந்து விசாரித்தேன். அடிப்பாகத்துக்கு நடுவில் மெத்தை மாதிரி பாலியூரிதேன் வைக்கிறார்கள். நம்ம ஊர் சூட்டிலும் புழுக்கத்திலும் காற்றின் ஈரம் அதை உள்ளேயே அரித்துவிடுகிறது. போட்டு நடந்துகொண்டிருந்தால்கூடக் கொஞ்ச நாள் தாங்குமாம். டப்பாவில் பத்திரமாக வைப்பதுதான் கெடுதல். பரணிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் நன்றாக வளைத்துப் பாருங்க. அழுத்தினால் விரல் பதிந்து அப்படியே நின்றால் அவ்வளவுதான்.

கோட்டு இரவல் வாங்கலாம், ஷூ இரவல் ஆகாது. அதிலும் சர்க்கரை இருக்கிறவர். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், அந்தக் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு போய் அளவு பாருங்க. தண்ணீர் புகாததாக, அடியில் நல்ல பிடிமானம் உள்ளதாக இருக்கட்டும். கிளம்புவதற்குள் ஒரு மாதமாவது அதிலேயே நடங்க. கடிக்கிற இடம் இங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. படித்துவிட்டு ஏணி போட்டு ஷூவை இறக்கினேன். பார்க்க ஷோரூமில் இருந்தது மாதிரியே இருந்தது. வளைத்தேன். வலது கால் அடிப்பாகம் புட்டு உதிர்வது போல உதிர்ந்து மடியில் கொட்டியது. இடதுகாலைத் தொடவே இல்லை, டப்பாவோடு குப்பைக்குப் போய்விட்டது. வீட்டம்மா விளக்குமாற்றோடு வந்து, “எட்டு வருஷமா இதுக்குத்தான் பரண்ல இடம் குடுத்தேனா?” என்றாள்.

புது ஷூ நேற்று வாங்கியாயிற்று. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி அதில்தான் நடந்தேன், கம்பளி சாக்ஸோடு. தினம் பார்க்கிற நண்பர்கள் காலில் என்ன அடிபட்டதா என்று விசாரித்தார்கள். இடது சுண்டுவிரலில் லேசாக உரசுகிறது, பார்ப்போம். ரவிக்கை இரண்டும் டெய்லரிடம் போயிருக்கிறது. தெர்மல் பார்சலில் வருகிறது. இட்லிக் குண்டானை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்க வைத்துவிட்டேன், அந்த இடத்தில் ஷூ வைக்கலாம்.

முத்துநகர் தம்பி கேட்ட கனடா விசா பற்றி நேற்று ராத்திரி மாப்பிள்ளையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “எந்த விசா மாமா?” என்றார்.