டிராவே சிண்ட்ரோம் (மரபணு மாற்றத்தால் வரும் கடுமையான வலிப்பு நோய்) உள்ள குழந்தைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகளுக்கு இரண்டே கால் வயது. ஆறாம் மாதத்தில் லேசான காய்ச்சலோடு முதல் வலிப்பு. வலது கை மட்டும் அரை மணி நேரம் வெட்டிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். அப்புறம் ஒருநாள் வெந்நீரில் குளிப்பாட்டும்போதே வந்தது. சொம்பைப் போட்டுவிட்டு ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள், வலிப்பு இன்னும் கூடியது. போன மாதம்தான் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது: எஸ்சிஎன்1ஏ மரபணுவில் மாற்றம், டிராவேதான். நரம்பு செல்களில் சோடியம் போகும் வழியை (சோடியம் சேனல்) அடைக்கும் கார்பமசெபைன் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாதாம். இந்த மரபணுத் தொடர்பு 2001லேயே தெரிந்த விஷயம் என்று படித்தபோது மனசு ஆறவில்லை. இப்போது வால்புரோயேட், குளோபசாம் என்ற வேறு வலிப்பு மருந்துகள் போகிறது. கொஞ்சம் பரவாயில்லை.

எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றம்தான் என்றாலும், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்க அது வேண்டுமாம். மரபணு ஆலோசனைக்கு மதுரை, சென்னைப் பக்கம் எங்கே போனீர்கள்? ஸ்டிரிபென்டால் என்ற டிராவே மருந்தை வாங்கியவர்கள் எப்படி வாங்கினீர்கள்? வலிப்பைக் குறைக்கக் கொடுக்கும் கீட்டோஜெனிக் உணவை (கொழுப்பு மிகுந்து, மாவுச்சத்து மிகக் குறைந்தது) நம் வீட்டுச் சமையலில் யார் மேற்பார்வையில் செய்தீர்கள்? ஆராய்ச்சிக்குக் குழந்தையின் விவரமும் ரத்த மாதிரியும் கொடுத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நாங்களும் கொடுக்கத் தயார். இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.