மூன்றாவது தெரு குழுவில்: மூலைத் தூங்குமூஞ்சி மரம்

பேக்கரி தம்பி: எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி மழை வருவதற்குள் மூலையில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துவிடலாமா? நேற்று அடித்த காற்றில் கிளை ஒன்று கடை ஷீட் மேல் விழுந்தது. தெரிந்த ஆள் ஒருவர் இலவசமாகவே வெட்டித் தருகிறாராம்.

மாடி வீட்டு அக்கா: இலவசமா? அந்த மரத்தின் விறகு விலை தெரியுமா தம்பி 😄

7ஆம் நம்பர் சார்: எடுத்தால் நல்லதுதான். கார் முழுக்க பிசுபிசுப்பு, காக்கை எச்சம்.

டீச்சர்: கார் நாள் முழுக்க நிழலில் நிற்கிறதே, அதையும் சொல்லுங்கள் சார்.

செயலாளர்: ரேஞ்சர் சார், நீங்கள் சொல்லுங்கள்.

ரேஞ்சர் சார்: தெருவில் நிற்பதால் அது தெருக்காரர் மரம் ஆகிவிடாது. நம் தெருவில் இருப்பது சென்னை மாநகராட்சி மரம். நெடுஞ்சாலை ஓரம் இருந்தால் நெடுஞ்சாலைத் துறை மரம், புளி ஏலம் விடுவது அவர்கள்தானே. பொது இடத்து மரத்தை வெட்ட, கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது, 2021இல் வந்தது. அவர்கள் அனுமதி வேண்டும். ஒரு மரம் போனால் பத்துக் கன்று நட வேண்டும். இலவசமாக வெட்டுகிறேன் என்று வந்தவர்களைத்தான் நான் வேலையில் இருந்தபோது அதிகம் பிடித்தேன்.

பேக்கரி தம்பி: சரி சார், விழுந்தால்? வர்தா புயலில் பார்த்தோமே.

ரேஞ்சர் சார்: வர்தாவையே எடுத்துக்கொள்வோம். 2016 டிசம்பர் 12. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் சாய்ந்தன. வெளிநாட்டு மரம், அதனால் விழுந்தது என்று பேசி முடித்துவிட்டோம். சாய்ந்த மரங்களின் அடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பலவற்றில் ஒரு பக்கம் வேரே இல்லை. வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டியபோது வெட்டிவிட்டார்கள். மறுபக்கம் சிமெண்ட். காற்றும் தண்ணீரும் இறங்காத மண்ணில் எந்த மரம் பிடித்துக்கொண்டு நிற்கும்? நம் மரத்தையும் யாராவது போய்ப் பாருங்கள்.

டீச்சர்: 📷 இதோ. பேவர் பிளாக்கை அடிமரத்தோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் பட்டையிலேயே அப்பியிருக்கிறது.

ரேஞ்சர் சார்: இதுதான் ஆபத்து. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்ட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே டெல்லி வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. இங்கே ஒரு விரல் இடைவெளி கூட இல்லை.

7ஆம் நம்பர் சார்: மேலே மொட்டையாவது அடிக்கலாமே? கனம் குறையும்.

ரேஞ்சர் சார்: அது மட்டும் வேண்டாம் சார். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகளுக்கு உள்ளே பிடிப்பு இருக்காது, கனம் ஏறியதும் பிய்ந்து விழும். வெட்டிய இடம் வழியாக உள்ளே அழுகவும் செய்யும். காய்ந்த கிளை, கடை மேல் தொங்கும் கிளை, இவற்றை மட்டும் கவாத்து செய்தால் போதும். பெரிய கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம்தான் மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது அடிமரப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

டீச்சர் மகன் (சிங்கப்பூர்): இங்கே பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால், ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சொந்த இடத்திலேயே அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, மாமா. லட்சக்கணக்கான மரங்களை மேப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாடி வீட்டு அக்கா: நம் ஊரில் மரத்துக்கு நம்பர் போட்டால் ரோடு அகலமாகப் போகிறது என்று அர்த்தம் தம்பி.

டீச்சர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேக்கரி போர்டு, சீரியல் லைட் எல்லாம் மரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறதே? மாநகராட்சி 2019இல் இதற்கு ₹25,000 அபராதம் அல்லது 3 ஆண்டு சிறை என்று அறிவித்தது.

பேக்கரி தம்பி: தீபாவளிக்கு அடித்தது டீச்சர், கழற்றிவிடுகிறேன். பக்கத்தில் டியூஷன் போர்டும் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

7ஆம் நம்பர் சார்: அது என் மகளுடையது. எடுக்கச் சொல்கிறேன்.

மாடி வீட்டு அக்கா: 🤭

செயலாளர்: சரி. வெட்டச் சொல்லி மனு இல்லை. கவாத்து செய்ய வேண்டும், அடிமரத்தைச் சுற்றி பேவர் பிளாக்கை எடுக்க வேண்டும், இந்த இரண்டையும் எழுதி நாளை வார்டு அலுவலகத்தில் கொடுக்கிறேன். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்தும் புகார் பதிவு செய்கிறேன். டீச்சர், அந்தப் படத்தைத் தனியாக அனுப்புங்கள்.

7ஆம் நம்பர் சார்: அப்போ என் கார்?

மாடி வீட்டு அக்கா: ஒரு கவர் வாங்கிப் போடுங்கள் சார்.

ரேஞ்சர் சார்: பிளாக்கை எடுக்க ஆள் வரும்போது எனக்குச் சொல்லுங்கள். கடப்பாரையால் நெம்பினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். எடுத்த இடத்தில் மண்ணை அடிமரத்தின் மேல் குவிக்கவும் கூடாது.

பேக்கரி தம்பி: கடையில் ஏணி இருக்கிறது. ஆணி பிடுங்கும் சுத்தியல் யார் வீட்டில் இருக்கிறது?