பார்த்ததை மட்டும் எழுது: குழந்தைகளோடு வேலை செய்யப் படித்த நாட்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து, முதுகலை மாணவி:

ஹோம் சயின்ஸில் ஹியூமன் டெவலப்மென்ட் படிக்கிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பால்வாடி டீச்சர் ஆகுறதுக்கு டிகிரி எதுக்கும்மா?" நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் கீழே எழுதுங்கள்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருந்த நர்சரிக்கு அனுப்பினார்கள். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிஷம் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் பார்த்த பையனுக்கு நாலு வயசு. மற்ற பிள்ளைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஜன்னலோரம் தனியாக நின்றான். "சோகமாக இருக்கிறான், தனிமையை விரும்புகிறான், வீட்டில் கவனிப்புக் குறைவாக இருக்கலாம்" என்று அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மேடம் படித்துவிட்டு மூன்று வரியையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். "சோகம் உன் கண்ணில் எங்கே பட்டது? அவன் கை எங்கே இருந்தது? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? அதை எழுதிக் கொண்டு வா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதினேன். அப்போதுதான் தெரிந்தது, பையன் ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உடம்பு ஜன்னல் பக்கம், கண் முழுக்க பஸ் மேல். டிரைவர் திரும்பினால் இவன் தலையும் திரும்பியது, விசில் சத்தம் வந்தபோது இவன் உதடு குவிந்தது. நான்காவது நாள் கீழே கிடந்த வேப்பிலைகளை ஒரு பிடி பொறுக்கிக்கொண்டு நேராக நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, சில்லறையா குடுங்க" என்று ஆளுக்கொரு இலை கிழித்துக் கொடுத்தான். அதுவரை அந்த பஸ்ஸில் கண்டக்டரே இல்லை. எந்த இடம் காலியாக இருக்கிறது என்று மூன்று நாள் பார்த்திருக்கிறான்!

குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்று அவர் பிரித்த வகைகளில், நின்று வேடிக்கை பார்ப்பதும் ஒன்று. அந்தப் பாடத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன், மார்க்கும் வாங்கியிருந்தேன். இருந்தும் ஒரு பிள்ளை அதைக் கண்முன்னே செய்தபோது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையனைப் பற்றி "ஒதுங்கிப் போகும் குழந்தை" என்று யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன், சொல்லியிருக்கக்கூடியவள் நான்தானே.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து, மூன்றாம் ஆண்டு:

அக்கா, எனக்கு அங்கன்வாடியில் ஒரு மாதப் பயிற்சி. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம், ஆறு வகைச் சேவைகள் என்று வகுப்பில் எழுதிப் பழகியிருந்தேன், போய்ப் பார்த்தால் அந்த ஆறையும் ஒரு டீச்சரும் ஒரு உதவியாளரும் செய்துகொண்டிருந்தார்கள். பாட்டு, சமையல், எடை, பதிவேடு, நடுவில் போனில் ஏற்ற வேண்டிய கணக்கு. டீச்சர் பத்தாவது படித்தவர், அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வேலை. நான் பட்டப்படிப்புக்காரி என்ற நினைப்போடு போனதை மறைக்கவில்லை.

ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் புஜச் சுற்றளவு எடுக்கும் நாடா தெரியும்தானே, சிவப்பு, மஞ்சள், பச்சை. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். நான் நாடாவை எடுத்ததும் ஒன்றரை வயதுப் பாப்பா ஒன்று வீறிட்டு அலறியது, அதைப் பார்த்து இன்னும் மூன்று. நான் என்ன சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. டீச்சர் வந்து நாடாவை வாங்கி, முதலில் என் கையில் சுற்றினார். "இந்த அக்காவுக்கு வளையல் போடலாமா?" என்றார். எனக்குப் போதாத நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்து, "அய்யோ, அக்காவுக்குப் பத்தலியே, யாருக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டதும், அலறிய அதே பாப்பா கையை நீட்டியது.

அன்று ராத்திரி ரெக்கார்ட் எழுதும்போது யோசித்தேன். குழந்தைக்குப் பயம் நாடா மேல் இல்லை. வெள்ளை நிறத்தில் எதையோ எடுத்துக்கொண்டு வேகமாகக் கையைப் பிடிக்க வந்த ஆள் மேல், அதாவது தடுப்பூசி போட வருகிறவர் போலவே வந்த என் மேல். டீச்சருக்கு இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதே சமயம், மூன்றாவது வாரத்தில் ஒரு குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று நான் குறித்து வைத்ததைக் காட்டியபோது டீச்சர் உடனே அந்தத் தேதிகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, குழந்தையின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காது பரிசோதனைக்குப் போனார். நான் குறித்து வைத்ததற்கும் மதிப்பு இருந்தது. டீச்சரின் அனுபவமும் நம் படிப்பும் சேர்ந்து இருந்தால் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மெல்பர்னிலிருந்து:

நான் இங்கே குழந்தைப் பருவக் கல்வியில் பட்டம் படிக்கிறேன், வகுப்பில் ஆண்கள் மொத்தமே மூன்று பேர். இங்கே பட்டப்படிப்பில் குறைந்தது 80 நாள் நேரடிப் பயிற்சி வேண்டும். அதற்கு முன்னால் குழந்தைகளோடு வேலை செய்வதற்கான பின்னணிச் சோதனையும் முடித்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்காரர்கள் அறையில் நான்கு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு.

என் பயிற்சியின் முதல் வாரம், அதே வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று "உச்சா, உச்சா" என்று சொல்லி அழுதது. அங்கிருந்தவர்களுக்கு அது, அடிபட்டால் ஆங்கிலத்தில் "அவ்ச்" என்பார்களே, அப்படிக் கேட்டிருக்கிறது. பதறிப்போய் முட்டியைப் பார்க்கிறார்கள், முழங்கையைப் பார்க்கிறார்கள், ஒருவர் ஐஸ் பேக்கே எடுத்து வந்துவிட்டார். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். நான் அறையின் இன்னொரு மூலையில் பெயின்ட் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் விழுந்து, அது எந்த மொழி என்று உறைக்கவே சில விநாடி ஆனது. ஓடிப் போய் "உச்சா வருதாடா கண்ணா?" என்றேன். அழுகை டக்கென்று நின்றது. என்னை அப்படியே பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் விவரிக்க முடியாது.

பயிற்சி மாணவன் குழந்தையைத் தனியாகக் கழிவறைக்குக் கூட்டிப் போக முடியாது, அது சரியான விதி. அங்குள்ள ஆசிரியை கூட்டிப் போனார், நான் கதவுக்கு வெளியே நின்று தமிழில் பேசிக்கொண்டே இருந்தேன். மறுநாள் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தோம்: தண்ணி, மம்மு, தாச்சி, உச்சா, ஆய், ஜூஜூ. ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினோம். அப்புறம் அது பஞ்சாபி, வியட்நாமியக் குழந்தைகளுக்கும் நீண்டது. என் ஒப்படைப்புக் கட்டுரையில் வீட்டு மொழி பற்றி எவ்வளவோ எழுதியிருந்தேன், ஆனால் ஒரு குழந்தை வாயைத் திறந்து சரியாகச் சொல்லியும் சுற்றியிருக்கும் ஐந்து பெரியவர்களுக்கும் புரியவில்லை என்றால் அந்த நேரம் அதற்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதுரையிலிருந்து:

சின்னதாக ஒன்று. உளவியலாளர் பியாஜேயின் எண்ணிக்கைச் சோதனை எல்லாரும் செய்திருப்பீர்கள், பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்று பிள்ளைக்குப் புரிகிறதா எனப் பார்ப்பது. நான் ஏழு ஏழாகப் புளியங்கொட்டையை இரண்டு வரிசை வைத்தேன், "ரெண்டும் சமமா?" "சமம்." ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினேன். "இப்ப எது ஜாஸ்தி?" ஐந்து வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையாக நீண்டதைக் காட்டினார்கள், புத்தகத்தில் உள்ளபடியே. ஐந்தாவதாக வந்தவளுக்கு ஐந்தரை வயது, அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். பார்த்த உடனே சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இது நெருக்கிக் கட்டுனது, இது தள்ளித் தள்ளிக் கட்டுனது. முழம் போட்டா பெருசாத் தெரியும், பூ அதேதான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் சொன்னபோது எங்கள் சார், மெக்சிகோவில் மண்பாண்டம் செய்கிறவர்களின் பிள்ளைகளிடம் நடத்தி 1969-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். களிமண்ணை உருட்டினாலும் தட்டினாலும் அளவு மாறாது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே பிடிபட்டிருந்ததாம். என் பூக்காரம்மா மகளை எந்த ஆய்விலும் எழுதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து, படிப்பு முடித்தவர்:

எனக்கு இனிப்பான அனுபவம் இல்லை, மன்னிக்கவும். படித்து முடித்ததும் ஒரு பிளே ஸ்கூலில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாலு கோடு நோட்டு. தினமும் ஒரு பக்கம். பென்சிலைப் பிடிக்க முடியாமல் முழுக் கையையும் மூடிப் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டி எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரியும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள், மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்புதான், எலும்பாக முற்றுவதற்குப் பல வருஷம் ஆகும். இதைச் சொன்னால் நிர்வாகத்தில், "பேரன்ட்ஸ் கேக்குறாங்க மிஸ்" என்பார்கள். பேரன்ட்ஸைக் கேட்டால், "பக்கத்து ஸ்கூல்ல எழுதுறாங்களே மிஸ்." சம்பளத்தைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன், ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் என் தோழி என்னைவிட அதிகம் வாங்கினாள்.

ஒரே ஒரு நாள் என் பேச்சு எடுபட்டது. ஒரு அம்மா வீட்டுப்பாடம் கேட்டு வந்தார். என் பையில் மறுநாள் வகுப்புக்கு வாங்கிய பச்சைப் பட்டாணி இருந்தது. பையனையும் அம்மாவையும் உட்கார வைத்து உரிக்கச் சொன்னேன். பையன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலைப் பிளந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டான், கால் மணி நேரம் அசையவில்லை. "பென்சில் பிடிக்க இதே ரெண்டு விரல்தாங்க வேணும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுவாரம் பையன் ஒரு டப்பாவில் உரித்த பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான், அதற்குமேல் வீட்டுப்பாடம் கேட்கவில்லை அந்த அம்மா. நான் இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன், அங்கே கோலமாவும் மணி கோப்பதும் களிமண்ணும் உண்டு.

ராமநாதபுரத்திலிருந்து, பிளஸ் டூ முடித்தவள்:

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்தப் படிப்பில் சேர ஆசை. அப்பா நர்சிங் போகச் சொல்கிறார். எனக்குக் குழந்தைகள் என்றால் ரொம்பப் பிடிக்கும். அது போதுமா?

கோவையிலிருந்து:

தங்கச்சி, பிடிப்பது நல்லதுதான், ஆனால் மேலே எழுதியவர்களைப் பார், எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதுக்கப்புறமும் தப்பாகப் பார்த்திருக்கிறோம். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தனியார் பிளே ஸ்கூல் சம்பளம் குறைவு என்பதை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடு. பிளே ஸ்கூலை விட்டால் வேறு இடமே இல்லை என்றும் நினைக்காதே. பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அங்கே இந்தக் கண் தேவைப்படுகிறது. நம் மாநிலத்தில் 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். மூன்றிலிருந்து எட்டு வயது வரை ஒரே அடித்தளக் கட்டம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. கொள்கையைப் பற்றி ஆயிரம் சண்டை உண்டு, அது இருக்கட்டும், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் படித்த ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேருவதற்கு முன்னால் ஒரு வேலை செய். உங்கள் தெரு பால்வாடி டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு அரை மணி நேரம் மூலையில் உட்கார். போட்டோ எடுக்காதே, குழந்தையின் பெயரை எழுதாதே. ஒரே ஒரு குழந்தை. பார்த்ததை மட்டும் எழுதி இங்கே போடு.

ராமநாதபுரத்திலிருந்து:

இன்று போனேன் அக்கா. டீச்சர் டீ கொடுத்தார். அப்படியே எழுதுகிறேன்.

10.35. பெண் குழந்தை, மூன்று வயது இருக்கலாம். இடது கையில் பாட்டியின் முந்தானை. வலது கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

10.37. பாட்டி சுவரோரம் உட்கார்ந்தார். குழந்தை நின்றது. "பயந்து நின்றது" என்று எழுதி அடித்துவிட்டேன். தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தது. கால் விரல்களை மடக்கித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

10.44. ஒரு பையன் மரக்கட்டை ஒன்றைக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் உட்கார்ந்து கட்டையைக் கிண்ணத்தால் மூடினாள். அவன் கிண்ணத்தைத் தூக்கினான். இருவரும் சிரித்தார்கள். மறுபடியும் மூடினாள்.

10.49. பாட்டி எழுந்து வெளியே போனார். அவள் திரும்பவில்லை. இதுவரை பதினோரு தடவை மூடித் திறந்திருக்கிறார்கள்.

முந்தானையை எப்போது விட்டாள் என்பதை மட்டும் நான் பார்க்கத் தவறிவிட்டேன். அந்த வரியில் நேரம் எழுதாமல் காலியாக விட்டிருக்கிறேன்.