பிஷப் பாஸ் – டூஸி பேசின், செப்டம்பரில் மூன்று இரவு: இந்தத் திட்டம் சரியா?

கேள்வி: ஃப்ரீமான்ட்_நடை

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம் நாலு பேர் கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கம் போறோம். சவுத் லேக் ஏரிக்கரையில் நடையை ஆரம்பிச்சு, பிஷப் பாஸ் (கணவாய்) தாண்டி, மறுபக்கம் ஏரிகள் இருக்கிற டூஸி பேசின். வனத்துக்குள்ள தங்க அனுமதி வெள்ளிக்கிழமை நுழைவுக்கு இருக்கு. திங்கட்கிழமை வெளியே வரணும். எல்லாருக்கும் பகல் நடை பழக்கம் உண்டு, முதுகில் கூடாரத்தோட போறது இதுதான் முதல் தடவை.

இப்போதைக்குப் போட்ட திட்டம்: வெள்ளி அதிகாலை 3 மணிக்கு ஃப்ரீமான்டில் கிளம்பி, மலையைக் கடக்கிற டியோகா ரோடு வழியா 10 மணிக்கு சவுத் லேக், அன்னிக்கே பாஸ் தாண்டி டூஸியில் முகாம். சனி லெகான்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வரைக்கும் இறங்கி ஏறுறது. ஞாயிறு ஓய்வு, திங்கள் திரும்புறது. சாப்பாட்டுக்குச் சின்ன குக்கர், அரிசி, பருப்பு. பை ஆளுக்கு 15 கிலோ வரும். எதை மாத்தணும்?

பதில் 1: கல்லும்_காற்றும்

முதல் நாளை முழுதாக மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃப்ரீமான்ட் கடல் மட்டத்தில் இருக்கிறது. சவுத் லேக் 9,800 அடி. பாஸ் 11,972 அடி. டூஸியின் ஏரிகள் சுமார் 11,300 அடி. தூக்கமில்லாமல் ஏழு மணி நேரம் கார் ஓட்டி, அதே நாளில் 15 கிலோவோடு எட்டு மைல் நடந்து, 11,000 அடிக்கு மேல் படுத்தால், நாலு பேரில் ஒருவருக்காவது அன்றிரவு தலைவலியும் வாந்தியும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகல் நடைப் பழக்கம் காலுக்கு உதவும், உயரத்துக்கு உதவாது.

தலைவலி வருவதைவிட முக்கியம், அது எங்கே வருகிறது என்பது. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. டூஸியில் ஒருவர் படுத்துவிட்டால் காருக்குத் திரும்ப முதலில் 600 அடிக்கு மேல் ஏறி பாஸைத் தாண்டியாக வேண்டும். மறுபக்கம் இறங்கினால் லெகான்ட் கேன்யன், 8,700 அடி. உடம்புக்கு நல்லது, ஆனால் சாலையிலிருந்து இன்னும் விலகிப் போகிறீர்கள். ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய இரவு பாஸுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

நான் போடும் கணக்கு இது. வியாழன் பகலில் கிளம்பி, சவுத் லேக் சாலையில் உள்ள ஃபோர் ஜெஃப்ரி முகாமில் (8,100 அடி) இரவு. பிஷப் ஊரில் அறை எடுத்தால் தூக்கம் கிடைக்கும், ஆனால் ஊர் 4,150 அடிதான். உயரத்துக்குப் பழக அது போதாது. வெள்ளி காலை மெதுவாக இரண்டு மைல் சொச்சம் நடந்து லாங் லேக் பகுதியில் (10,750 அடி) முகாம். மதியம் பை இல்லாமல் சாக்லேட் லேக்ஸ் பக்கம் ஏறி இறங்குங்கள். உயரத்தில் நடந்துவிட்டுத் தாழ்வில் படுப்பது பழகுவதற்கு நல்லது. சனி காலை 7 மணிக்குக் கிளம்பி, சேடில்ராக் லேக் தாண்டி, 11 மணிக்குள் பாஸ் மேல். ஞாயிறு டூஸியிலேயே சுற்றுங்கள். லெகான்ட் கேன்யன் தரை வரை இறங்க வேண்டாம். திரும்பி ஏற 2,600 அடி. பள்ளத்தாக்கு தெரியும் விளிம்பு வரை போனால் போதும். திங்கள் எட்டு மைல் வெளியே.

சனி காலை, பாஸ் ஏறும் முன், ஒவ்வொருவரும் தேநீர் குடித்து ஏதாவது சாப்பிட வேண்டும். சாப்பாடு இறங்காமல் தலைவலியும் இருந்தால் அவர் ஏறக்கூடாது, கூட ஒருவர் தங்க வேண்டும். ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அப்போதே இறக்கிவிடுங்கள், இரவானாலும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதென்றால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

சவுத் லேக்கில் இரவு கார் நிறுத்தும் இடங்கள் குறைவு. நிறைந்துவிட்டால் பைகளையும் மூன்று பேரையும் மேலே இறக்கிவிட்டு, ஓட்டுபவர் சாலையில் கீழே நிறுத்தி நடந்து வரட்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காரில் சாப்பாடு, பற்பசை, காலி சிப்ஸ் பை எதுவும் இருக்கக்கூடாது. கரடி கதவைக் கிழிக்கும்.

பதில் 2: அடுப்படி_அலமேலு

குக்கரை வீட்டிலேயே வைங்க. 11,300 அடியில தண்ணி சுமார் 88 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்துல சாதாரண அரிசி நடுவுல விதைவிதையா நிக்கும், துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கர் வச்சா வேகும், ஆனா மூணு லிட்டர் குக்கரே ஒண்ணரை கிலோ வரும், அந்தச் சின்ன அடுப்பு மேல ஆடிக்கிட்டு நிக்கும், கேஸும் நிறையக் குடிக்கும்.

கொதிதண்ணி ஊத்தி மூடி வச்சா தயாராகுற சாமான்தான் கொண்டு போகணும். மெல்லிசு அவல் (புளிக்காய்ச்சல் பொடியோட), வீட்டிலயே நெய்யில வறுத்துத் தாளிச்சு ஆற வச்ச ரவை, உடனடி அரிசி கூட பருப்புப்பொடி. ரவைக்கு அந்த உயரத்துல தண்ணி கொஞ்சம் கூடவே ஊத்துங்க, பத்து நிமிஷம் மூடியை எடுக்காதீங்க, பாத்திரத்தைக் கம்பளிச் சட்டையில சுத்தி வைங்க. பசி மந்தமா இருக்கும்ங்கறதால காரமும் புளிப்பும் இருக்கிறதுதான் உள்ளே இறங்கும். இனிப்பு பார் ரெண்டாம் நாளே வெறுத்துடும்.

அளவு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 600–700 கிராம் உலர்ந்த சாமான். கேஸ்: நாலு பேருக்கு மூணு ராத்திரி, மூணு காலை, மொத்தம் 16–17 லிட்டர் கொதிக்க வைக்கணும். காத்து இல்லன்னா லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம். காத்துல இது இன்னும் கூடும், அதனால 230 கிராம் டப்பா ஒண்ணு, 100 கிராம் ஒண்ணு. அடுப்பைப் பாறைக்குப் பின்னால வைங்க. ஆனா காத்துமறைப்பை டப்பாவைச் சுத்தி முழுசா மூடாதீங்க, டப்பா சூடேறி வெடிக்கும்.

அடுப்பு பத்த வைக்கவே கலிஃபோர்னியா நெருப்பு அனுமதி வேணும். இணையத்துல இலவசம், அச்சடிச்சு வச்சுக்குங்க. 10,000 அடிக்கு மேல விறகு நெருப்பு அந்தப் பக்கம் கூடவே கூடாது.

கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா (கரடி டப்பா) கட்டாயம். பேர்வால்ட் 500ங்கற டப்பா பதினொன்றரை லிட்டர் பிடிக்கும், உங்களுக்கு மூணு வேணும். வாடகைக்குக் கிடைக்கும். பெருங்காயம், ஊறுகாய், பற்பசை, லிப் பாம், சன்ஸ்கிரீன், குப்பைப் பை எல்லாம் அதுக்குள்ளேதான். முதல் நாள் மதியச் சாப்பாடு மட்டும் வெளியே இருக்கலாம். கூடாரத்துலேர்ந்து நூறடி தள்ளி, சரிவும் தண்ணியும் இல்லாத இடத்துல வைங்க. உருட்டிவிட்டா ஏரிக்குள்ள போயிடும். காலைக் குளிர்ல அந்த மூடியோட பல் இறுகிக்கும், விரலால அழுத்த வராது. பழைய கார்டு ஒண்ணை மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவுல நுழைச்சு, பல்லை உள்ளே தள்ளிக்கிட்டே திருப்புங்க.

பதில் 3: வெண்பாறை

மேலே சொன்னதோடு கிரானைட்டைப் பற்றியும் கொஞ்சம்.

உலர்ந்த சொரசொரப்பான பாறையில் காலணி நன்றாகப் பிடிக்கும். அதே பாறையில் பனியாறு தேய்த்துப் போன வழவழப்பான திட்டுகள் வெயிலில் பளபளக்கும். அவை ஈரமானால் எந்தக் காலணியும் நிற்காது, சுற்றிப் போங்கள். இறக்கத்தில் பெரும்பாலோர் விழுவது மூன்றாவது வகையில்: உதிர்ந்த கிரானைட் பொடி, படிக்கல்லின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். கோலிக்குண்டு மேல் மிதித்தது போல் வழுக்கும். அங்கே குட்டை அடியாக, பாதத்தைத் தட்டையாக வையுங்கள். கைத்தடி இரண்டும் இருக்கட்டும்.

டூஸியில் பல இடங்களில் கூடார முளை இறங்காது. தானே நிற்கும் கூடாரமாகக் கொண்டு போங்கள், கூட நாலைந்து மீட்டர் மெல்லிய கயிறு. கயிற்று நுனியைச் சின்னக் கல்லில் கட்டி, கூடாரத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே கயிற்றின் மேல் பெரிய கல்லை வையுங்கள். பெரிய கல்லில் நேராகக் கட்டினால் இரவுக் காற்றில் அதன் விளிம்பே கயிற்றை அறுத்துவிடும். புல்மேல் முகாம் போடாதீர்கள். அந்த உயரத்தில் மிதிபட்ட புல் திரும்ப வர வருடக்கணக்காகும். மணல் அல்லது பாறை, தண்ணீரிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி.

இடிமழை ஜூலை, ஆகஸ்டில்தான் அதிகம். ஆனாலும் செப்டம்பரில் மதியத்துக்கு மேல் பாஸில் நிற்கும் திட்டம் போடக்கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடி இல்லையென்றால் உடனே இறங்குங்கள். பாறைக் குடைவுக்குள் ஒதுங்கத் தோன்றும், ஒதுங்காதீர்கள். மின்சாரம் நனைந்த பாறை வழியாகத்தான் ஓடும்.

இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். தூக்கப்பை மைனஸ் 7 டிகிரிக்குத் தாங்க வேண்டும். தண்ணீர் வடிகட்டியை மடியோடு தூக்கப்பைக்குள் வையுங்கள். ஈரமான வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இழை வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, கிருமி வடிகட்டாது.

15 கிலோ அதிகம். குக்கர் போய், மாற்றுத் துணி ஒரு ஜோடியானால் 12க்கு வரும்.

ஃப்ரீமான்ட்_நடை

வியாழனே கிளம்புறதா முடிவு, குக்கர் வெளியே. ரெண்டு சந்தேகம். புகை வந்தா, இல்ல டியோகா ரோடு மூடினா? அனுமதி இல்லாம ஐந்தாவதா ஒரு நண்பர் கேக்கறார், சேர்த்துக்கலாமா?

கல்லும்_காற்றும்

டியோகா மூடினால் 108-ஆம் நெடுஞ்சாலை வழியாக சோனோரா பாஸ் ஏறி 395-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே வாருங்கள், நேரம் கூடும். புதன் இரவு ஏர்நவ் தளத்தில் பிஷப், மாமத் இரண்டின் காற்றுத் தரக் குறியீட்டையும் பாருங்கள். 150-ஐத் தாண்டி, காற்றின் திசையும் மாறாதென்றால் ஒத்திப்போடுங்கள்; அந்த உயரத்தில் புகையோடு ஏற்றம் நுரையீரலுக்கு ஆகாது.

நண்பரை அப்படியே கூட்டிப் போக முடியாது, அனுமதியில் தலை எண்ணிக்கை உண்டு. சவுத் லேக் இருக்கும் இன்யோ வனத்தில் அனுமதிகளில் 60 சதவீதம் ஆறு மாதம் முன்பும், மீதி 40 சதவீதம் நுழைவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் வரும், காலை 7 மணி, பசிபிக் நேரம். அதே வெள்ளி, அதே பிஷப் பாஸ் – சவுத் லேக் வாசலுக்கு அவர் தனியாக ஒன்று எடுக்கட்டும். 6:55-க்கே உள்நுழைந்து, தேதியும் ஆள் எண்ணிக்கையும் போட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் வந்தால் கரடி டப்பா நான்கு.